டாக்டரிடம் மறைத்த சம்மணம்

நீங்கள் இருவரும் அப்போது சின்னப் பிள்ளைகள். வடக்கே, கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆபீசில் எனக்குத் தபால் பிரிவில் வேலை. கோப்புக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் மாடி ஏறி இறங்குவேன். ஒரு குளிர்காலத்தில் வலது இடுப்பில் ஆரம்பித்த வலி, ஹோலி வருவதற்குள் பஸ் படியில் கால் வைக்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த பெரிய டாக்டர், மூட்டு தேய்ந்திருக்கிறது, மூன்று மாதம் வலிக்குக் கரண்ட் வைத்துப் பயிற்சியும் செய்து பார்ப்போம், குறையாவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். உங்கள் அம்மாவுக்கு ஹிந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. ஊரிலிருந்து துணைக்கு வர ஆள் இல்லை. நான் படுத்துவிட்டால் உங்களை யார் பார்ப்பது?

கரண்ட் வைக்கும் அறையில் இருந்த சிஸ்டர் நாகர்கோவில் பக்கம். தரையில் உட்காரவே கூடாது, அதிலும் சம்மணம் அறவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். படுத்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்கச் சொன்னார். நடக்கும்போது ஊன்றும் தடியை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். இரண்டு மாதத்தில் பஸ் ஏற முடிந்தது.

அப்போதுதான் என் அப்பாவின் திதி வந்தது. ஆர்.கே.புரத்திலிருந்து வந்த ஐயர் என் தடியைப் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம், ஒரு குறையும் இல்லை என்றார். உங்கள் அம்மா நாற்காலியையும் கொண்டுவந்து போட்டாள்.

"அப்பாவுக்குச் செய்யிறப்ப ஆபீசர் மாதிரி நாற்காலியிலயா உக்காருவேன்?" என்று அதைத் தள்ளிவிட்டு, மணையில் சம்மணம் போட்டேன். ஒன்றரை மணி நேரம். எழும்போது இடுப்புக்குள் சுருக்கென்று பிடித்தது. ஐயரும் உங்கள் அம்மாவும் சேர்ந்துதான் தூக்கினார்கள்.

அடுத்த முறை போனபோது, தரையில் உட்கார்ந்தீர்களா என்று சிஸ்டர் கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே சீட்டில் எழுதினார். அதைப் படித்த டாக்டர், சொன்னபடியெல்லாம் செய்தும் வலி கூடியிருக்கிறது, இனி இந்த வைத்தியத்தில் பயனில்லை என்று ஆபரேஷனுக்குத் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காகிதத்தோடு வராந்தா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தேதியை வாங்கித் தந்தது என் பொய்தான் என்று புரிந்தது. திரும்ப உள்ளே போய் சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இத அப்பமே சொல்லப்படாதா அண்ணாச்சி?" என்றார் அவர். "அப்பாவுக்குப் பயந்து கீழ உக்காந்தீங்க, சரி. எனக்கு எதுக்குப் பயந்தீங்க? நீங்க சொன்னத நம்பித்தானே அவரு கத்திய எடுக்காரு."

அவரே என்னை டாக்டரிடம் அழைத்துப்போய் ஹிந்தியில் விவரம் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. தேதியை அடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் மூன்று மாதம் என்று எழுதினார்.

வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் ஆபரேஷன் தேவைப்படவில்லை. அந்த மூன்று மாதமும் சிஸ்டர் கேட்பதற்கு முன்பே, பஸ்ஸுக்கு ஓடியது, பயிற்சியை விட்டது என்று அந்த வாரத்துத் தப்புகளை நானே சொல்லிவிடுவேன்.