விர்பியின் வளைகோடு

சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களையும் ஆணியடித்து முடித்ததும் விர்பி நிஸ்காலா தன் மஞ்சள் மேலங்கியைக் கழற்றி வண்டிக்குள் எறிந்துவிடுவாள். பழைய கோட்டும் கையில் வாளியுமாக, காட்டுப்பழம் பறிக்க வந்தவள்போல் ஓரமாக ஒதுங்கிக்கொள்வாள். மஞ்சளைக் கண்டால் ஃபின்லாந்தின் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் உத்தமர்களாகிவிடுகிறார்களே!

வயது நாற்பத்தேழு. மாவட்டச் சாலை அலுவலகத்தில் வேகக் கணக்கு அவள் பொறுப்பு. முதல் குழாயை மிதித்த சக்கரம் இரண்டாவதை மிதிக்க எடுக்கும் நேரத்திலிருந்து வேகம் தெரியும். ஒரு வாரத்து வேகங்களை அடுக்கினால் மணியைக் கவிழ்த்தாற்போல் ஒரு வளைகோடு எழும். சராசரி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. "சராசரி வண்டி யாரை இடிச்சுது? வலது பக்கம் வாலு நீளுது பாருங்க, அங்கதான் ஆபத்து" என்பாள். நூறு வண்டிகளை மெதுவானதில் தொடங்கி வேக வரிசையில் நிறுத்தினால் எண்பத்தைந்தாவது வண்டியின் வேகம் என்ன என்பதே அவள் கேள்வி. கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாராவது கேட்டால், "இருபது, ஒண்ணு கூடக் குறைய இருக்கலாம்" என்று பிழை வரம்போடுதான் பதில் வரும். கணவர் பழகிவிட்டார்.

செப்டம்பரில் சொந்த ஊரான ஹாபாகங்கஸில் அளந்தாள். பள்ளி வாசலில் வேகத்தை அடக்க, பிள்ளைகள் சாலையைக் கடக்க மேடான கடவை வேண்டும் என்று ஊர் கேட்டிருந்தது. வேக எல்லை மணிக்கு நாற்பது கிலோமீட்டர், எண்பத்தைந்தாவது வண்டி ஐம்பதைத் தாண்டினால் கடவை உண்டு. ஆனால் கோட்டில் ஒன்றுக்கு இரண்டு திமில்கள். இரண்டாவது எழுபதில், அதுவும் மாலையில் மட்டும். ஊர்ச் சங்கத் தலைவனான தம்பி கிம்மோவைப் பிடித்துக் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. பிள்ளைகள் வீடு போன பிறகு சங்கத்தார் முறைவைத்துக் குழாய்மேல் காரில் பறந்திருக்கிறார்கள்.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்க்கா."

இரண்டாவது திமிலை வெட்டிவிடச் சொன்னார் மேலதிகாரி. இரண்டும் உரசுமிடத்தில் எந்த வண்டி நிஜம், எது நாடகம் என்று பிரிக்க முடியாது என்று சொல்லி, விர்பி அந்த வாரத்துக் கணக்கையே தள்ளுபடி செய்துவிட்டாள். பனிக்கு முன் இன்னும் ஒருமுறைதான் அளக்கலாம். ஐம்பதுக்குக் கீழே வந்தால் இந்த ஆண்டும் கடவை இல்லை. அந்தச் சாலையைத்தான் கிம்மோவின் மகள் தினமும் கடக்கிறாள்.

"சொந்த மருமகளவிட உன் கோடு பெருசாப் போச்சா?"

"பெருசுதாண்டா. அதைக் காட்டித்தான் ஊர் ஊரா கடவை வாங்கிக் குடுத்திருக்கேன். உனக்காக ஒருதடவ வளைச்சேன்னா, அடுத்த ஊர்க்காரன் என்னை ஏன் நம்பணும்?"

சொல்லிவிட்டாள். திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டி அழவும் அழுதாள்.

இப்போது குழாய்கள் மறுபடி கிடக்கின்றன. நேற்று மாலை பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிம்மோ காரை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளில் வந்தான். அக்கா நிற்பது அவனுக்குத் தெரியாது. குழாய்க்கு முன்னால் இறங்கினான். அவளுக்குத் தம்பியை நினைத்துப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. ஆறடி மனிதன், தன் சக்கரம் கணக்கில் சேராதபடி சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவன்போல் காலை உயர்த்தி, முதல் குழாயைத் தாண்டினான், பிறகு இரண்டாவதை.