ராமநவமி நோட்டீஸும் கொஞ்சம் காலி இடமும்

கல்கத்தா பவானிப்பூரில் நாங்கள் நடத்திய ராமநவமிக் கச்சேரிக்கு ஒரு வருஷம் ஆளே வரவில்லை. சென்னையிலிருந்து ரயிலேறி வந்த பிடில் வித்வான் ஜமக்காளத்தைப் பார்த்து வாசித்தார். ஜமக்காளமும் அசையாமல் கேட்டது. காரணம் நோட்டீஸ். கமிட்டியில் இருந்த அத்தனை பேருடைய பெயரும், உத்தியோகமும், சொந்த ஊரும் அதில் இருந்தன. தேதியும் இருந்ததாம். நான் தேடிப் பிடித்தபோது ராமநவமி முடிந்திருந்தது.

இதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு வருஷம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அடுத்த பங்குனியில் கமிட்டித் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவர் அரசாங்கக் கணக்காபீஸில் பெரிய உத்தியோகம். குரலும் அதே அளவு.

"ஓய், நோட்டீஸைப் பத்தி வாய் ரொம்ப நீள்றதாமே? இந்தத் தடவை நீரே எழுதும். வித்வான் சொல்லியனுப்பிச்சிருக்கார். இந்த வருஷமும் காலி ஜமக்காளம்னா, இனிமே கல்கத்தா பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டாராம்."

"அண்ணா, நான் ஏதோ விளையாட்டுக்கு..."

"நான் விளையாடலை."

தமிழ் எழுத்து வைத்திருக்கும் அச்சுக்கூடம் அங்கே எங்களுக்கு அகப்படவில்லை. கையால் எழுதிக் கொடுத்தால் சித்பூரில் ஒரு கல்லச்சுக்காரர் அதை அப்படியே கல்லில் ஏற்றி அடித்துத் தருவார். ஆகவே பழியைப் போட இன்னொரு கை கிடையாது. அன்று எனக்கு மோருஞ்சாதம்கூட இறங்கவில்லை.

பயத்தில் எழுதினால் என்ன வரும்? யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று எல்லாப் பெயரையும் ஒரே அளவில் எழுதினேன். தேதியும் அதே அளவு, வித்வானும் அதே அளவு. வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். வெல்லக் கட்டியில் எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. வெல்லத்தைத்தான் காணோம்.

எதிர் வீட்டு வங்காளி வக்கீல், அலிப்பூர் கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக் காப்பிக்காக நுழைபவர், அன்றும் நுழைந்தார். தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. சுவரைப் பார்த்துத் தம் பாஷையில் கேட்டார்:

"என்ன மொஷாய், கல்யாண ஊர்வலமா? இதுல மாப்பிள்ளை யாரு?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். தமிழ் தெரிந்தவன் உடனே படிக்க ஆரம்பித்துவிடுகிறான், தெரியாதவன்தான் பார்க்கிறான். தாள் எங்கே இழுக்கிறதோ அங்கே போகிறது அவன் கண். அன்றிலிருந்து தினம் ஒரு தாள் ஒட்டினேன். நான் பார்த்தது தாளை அல்ல, வக்கீலின் கண்முழியை. மனிதர் காப்பிக்காக எதையும் பொறுத்துக்கொண்டார்.

பிடில் படத்தை நட்டநடுவில் வைத்துப் பெயர்களை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தேன். அவர் கண் நடுவில் போய் உட்கார்ந்தது; எழுந்திருக்கவே இல்லை. பிடிலை இடப்பக்கம் தள்ளினேன். வக்கீலின் தலையும் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. "படகு கவிழப்போறது!" என்றார். வலப்பக்கக் கீழ் மூலையில் தேதியையும் இடத்தையும் மட்டும் தடித்த எழுத்தில் எழுதினேன். தலை நிமிர்ந்தது. அத்தனை பெரிய பிடிலை இந்தச் சின்னத் தேதி எப்படித் தாங்குகிறது? எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தேதியைப் பிடிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மறுபடி சாய்ந்தார். தூரத் தள்ளினால் நிமிர்ந்தார். கோலின் ஒரு முனையில் மூட்டையைத் தொங்கவிட்டு, மறுபக்கம் சின்னக் குண்டைத் தள்ளித் தள்ளி நிறுப்பார்களே, அதே வித்தைதான். இரண்டுக்கும் நடுவே இருந்த வெள்ளை இடமும் சும்மா இருக்கவில்லை. கண் அதில் நடந்துதான் பிடிலிலிருந்து தேதிக்குப் போயிற்று.

பெயர்களையெல்லாம் பொடியாக அடியில் ஒரு வரிசையில் அடக்கினேன். கமிட்டியை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இலை போட்டபின் நோட்டீஸைக் காட்டினேன். கை நிறைய உணவு இருப்பவர் எழுந்து அடிக்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

தலைவர் உற்றுப் பார்த்தார். "நடுவில இவ்வளவு எடம் தரிசாக் கெடக்கே. என் மாமனார் பேரைப் போடலாமே?"

"அப்போ என் அத்திம்பேரையும் போட்டுடும்" என்றார் காரியதரிசி.

கண்ணில் பட்டது தலைவர் இலைதான். வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணா, கறி, பச்சடி, ஊறுகாய் எல்லாம் மேல ஓரமா, சின்னச் சின்னதா. சாதம் மட்டும் பெரிசு. எல்லாத்தையும் சாதம் அளவுக்கு வெச்சு இலையை ரொப்பிட்டா, ரசத்தை எங்க விடறது?"

"அப்போ நான் ஊறுகாயா?"

"ஊறுகாய் இல்லாம தயிர்சாதம் எப்படிண்ணா எறங்கும்?"

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"எலுமிச்சங்காயா, மாவடுவா?" என்றார் தலைவர்.

"மாவடுண்ணா."

"சரி, அச்சுக்குக் குடும்."

கச்சேரியன்று சாயங்காலம் வாசலில் நின்றேன். நாலைந்து பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். கல்கத்தாவை விட்டு ஓடுவதென்றால் எந்த ரயில் வசதி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஹவுராவிலிருந்து படகில் வந்தவர்கள் கும்பலாகத் தெருமுனையில் திரும்பினார்கள். பின்னாலேயே பவானிப்பூர்க் குடும்பங்கள். வித்வான் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ஜமக்காளம் தெரியவில்லை.

நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஹவுராப் பட்டறைக்காரர் ஒருவர் கையில் எங்கள் நோட்டீஸ். பிடிலும் தேதியும் மட்டும் தெரியும்படி, அடிவரிசையை அழகாகக் கிழித்து எடுத்திருந்தார். தலைவர் பெயர் இருந்த அந்தத் துண்டில் வெற்றிலை மடித்திருந்தார். தலைவர் வரவேற்கக் கை கூப்பியபடி நேரே அவரை நோக்கி வந்தார். நான் குறுக்கே பாய்ந்து, "அண்ணா, மேடையில உங்களைத் தேடறா!" என்றேன்.

மேடையில் யாரும் தேடவில்லை. ஆனால் போனவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். வித்வான் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். நான் அந்த வெற்றிலைக்காரரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்து, அவருக்கு முன்னால் நானும் உட்கார்ந்தேன்.