எர்காஷின் இடது தாடை

1986 ஏப்ரல் 12, தாஷ்லாக், திருமணம்: 30 ரூபிள்.
மே 3, கூவா, திருமணம்: 30 ரூபிள்.
ஜூன் 14, யாய்பான், சுன்னத் விருந்து: 15 ரூபிள்.

மர்கிலானில் எங்கள் இசைக்குழுவின் வரவுசெலவை எழுதி வந்தவன் நான். மூன்றாவது தொகை பாதியானதற்குக் காரணம், கர்னாய் என்ற நீளப் பித்தளைக் கொம்பு ஊதும் எர்காஷ் விருந்தின் நடுவிலேயே கொம்பைக் கீழே வைத்துவிட்டதுதான்.

அவனுக்கு இடது காதுக்குக் கீழே, தாடையோரம் ஒரு வீக்கம். கொண்டைக்கடலை அளவில் தொடங்கி அக்ரூட் அளவுக்கு வந்திருந்தது. வலி கிடையாது.

“ஊதின காத்து உள்ளேயே குடியிருக்கு. வாடகை கேளுண்ணே,” என்பான் மேளக்காரன் சோபித். எர்காஷும் சிரிப்பான். கர்னாய்க்காரனின் கன்னம் உப்பியிருப்பது எங்கள் ஊரில் பெருமை. கர்னாய் ஊதிவந்த எர்காஷின் அண்ணன் நுர்மத்துக்கும் அதே இடத்தில்தான் உப்பியது. அதோடு பன்னிரண்டு வருடம் ஊதினார். கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த யாய்பான் விருந்தில் ஒரு கிழவி எர்காஷின் முகத்தைத் தடவி, “நுர்மத்து, நீ செத்துட்டேன்னாங்களேப்பா,” என்றாள்.

அப்போதுதான் அவன் கொம்பைக் கீழே வைத்தான். அதற்குப் பின் சவரம் செய்யவில்லை, கண்ணாடி பார்க்கவில்லை.

“எம் மூஞ்சிக்குள்ள அண்ணன் வந்து உக்காந்திருக்கார். வலிச்சாலாவது இது என் மூஞ்சின்னு தெரியும்,” என்றான் என்னிடம்.

ஃபெர்கானா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா முனிரா அழுத்திப் பார்த்தார்.

“தாடை வீக்கத்துக்குப் பல காரணம் உண்டு. எச்சில் குழாய்ல கல் அடைச்சா சாப்பிடறப்ப வீங்கும். செத்த பல்லோட வேர்ல நீர்க்கட்டி வரும். ஊதறவங்களுக்கு எச்சில் சுரப்பியில காத்துகூடப் போகும், அமுக்கினா நறநறன்னு தெரியும். இதுல அது தெரியலை. இது சுரப்பியில வந்த கட்டி. எடுத்துச் சோதிக்கணும். பக்கத்துலயே முகத்து நரம்பு ஓடுது, உதடு சரிஞ்சாலும் சரியலாம்.”

“அப்புறம் ஊத முடியாதா?” என்றான் எர்காஷ்.

“முடியாமப் போகலாம்.”

“எடுத்துடுங்கம்மா. அண்ணன் ஊதிக்கிட்டேதான் போனார்,” என்றான்.

செப்டம்பரில் எடுத்தார்கள். உதடு சரிந்தது, ஊதுவது நின்றது. கட்டி சோதனைக்காகத் தாஷ்கண்ட் போனது. தெருவில் கல்யாணக் கர்னாய் கேட்டால் எர்காஷ் ஜன்னலைச் சாத்துவான். ஊதுவது பக்கத்துத் தெருப் பையன்தான் என்று மனைவி சொன்னாலும், “அண்ணன் மூச்சு எனக்குத் தெரியாதா?” என்பான்.

முடிவுக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். புற்று இல்லை, ஆனால் பல வருடம் விட்டிருந்தால் அப்படி மாறியிருக்கக்கூடும் என்று இருந்தது. ‘பல வருடம்’ என்ற வரியை மறுபடி படிக்கச் சொன்னான்.

“அப்போ அண்ணனுக்கும் முதல்ல இப்படித்தான் இருந்திருக்கும். நாமெல்லாம் சிரிச்சிக்கிட்டிருந்தோம்,” என்றான்.

கடிதம் வந்த நாளையும் கணக்கோடு எழுதி வைத்தேன்: 1986 நவம்பர் 21.