அத்தை சிரிக்கக் கூடாத வாரம்

ஊரே முகக்கவசத்தைத் திட்டித் தீர்த்த காலத்தில் எங்கள் அத்தை மட்டும் அதைக் கொண்டாடினாள். அப்பாவின் தங்கை, நெல்லையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை. கீழுதட்டில் வெண்புள்ளி விழுந்த நாளிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டே பேசிப் பழகியவள். மூக்கு வரை துணி ஏறியதும் ஆளே மாறிப்போனாள். அவளுக்கு அவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முகக்கவசம் போன முதல் வாரமே வினை வந்தது. கடைக்கு வந்த ஒரு அம்மாள் அத்தை விரித்த சேலையைத் தொடவே இல்லையாம். "நீ இரும்மா, அந்தப் பிள்ள காட்டட்டும்" என்றாளாம். ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பு. அது ஒட்டவே ஒட்டாது! அந்த அம்மாள் மீது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை.

அத்தை தோல் டாக்டரிடம் போய் நின்றாள். எந்தக் களிம்புக்கும் மசியாத புள்ளி அது. ஒரு வருஷமாவது பரவாமல் நின்றிருந்தால்தான் வேறிடத்துத் தோலை எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம், இல்லாவிட்டால் வைத்த தோலும் வெளுத்துவிடும் என்றார் அவர். நல்லவேளை, அது நின்று நாளாகியிருந்தது.

"இது மட்டும் பிடிச்சிட்டுன்னா இனி வாயை மூட மாட்டேன், மதினி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அத்தை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

தொடையிலிருந்து கடுகளவு தோல்களை எடுத்து, நாற்று நடுவது போல உதட்டில் வைத்தார்கள். "ஒரு வாரத்துக்குப் பேசக் கூடாது, மெல்லக் கூடாது, முக்கியமா சிரிக்கக் கூடாது. அசைஞ்சா தோல் பிடிக்காது" என்றார் டாக்டர்.

வீட்டில் காவல் என் பொறுப்பு. அப்பாவுக்கோ வாயைத் திறந்தால் நக்கல்தான். ஸ்ட்ராவில் கஞ்சி உறிஞ்சிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "ஏட்டி, கஞ்சியில உப்பு இல்லன்னாலும் உன்னால சொல்ல முடியாது. உங்க மதினிக்கு இந்த வாரம் யோகந்தான்!"

"எப்பா, அங்கன போங்க! அத்தைக்குச் சிரிப்பு வந்துட்டுன்னா எல்லாம் போச்சு."

பாவம், அந்த வாரம் முழுக்க அப்பா சொந்த வீட்டில் பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அத்தை கண்ணால் மட்டும் எங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பிடித்துவிட்டது. வைத்த ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் நிறம் பையப் பைய ஊறி, சில மாதங்களில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நான் காவல் காத்ததால்தான் எல்லாம் சரியானது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் நேர்த்திக்கடன் செலுத்தத் திருச்செந்தூருக்குப் போனோம். வழியில் இறங்கி நுங்கு வாங்கினோம். அப்பா கட்டைவிரலை விட்டு நோண்டியதில் தண்ணீர் பீய்ச்சி அவர் மூஞ்சியிலேயே அடித்தது. அத்தை வெடித்துச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே கை தானாக ஏறி வாயை மூடிக்கொண்டது.

"அத்தே, அதான் சரியாயிட்டுல்லா! இப்ப எதுக்கு மூடுதிய?" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அத்தை தன் கையையே பார்த்தாள். "தெரியலட்டி" என்றாள். கண் நிறைந்திருந்தது.

நுங்குத் தண்ணீர் அவள் கண்ணிலும் தெறித்துவிட்டது என்று நினைத்து, நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.