முதல் பஸ்ஸில் வந்த கத்திரிக்காய்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாந்திபேதி எங்கள் பக்கத்தை உலுக்கிய வருஷம் அது. நானும் என் வீட்டுக்காரரும் திருநெல்வேலியில் ஹோட்டல்களுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்தக் காய்கறிக்கடை வைத்திருந்தோம். நோய் அடங்கி, மூடிக் கிடந்த ஹோட்டல்களைத் திறந்த பிறகும், எந்த நாள் எவ்வளவு கூட்டம் வரும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. நாங்களோ பழையபடி ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரியில் சரக்கு இறக்கினோம். தக்காளி கடையிலேயே அழுகி ஒழுகியது. அதை அவர்தான் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார்.

"இனி லாரி வேண்டாம்," என்றேன். "நாளைக்கு என்ன வேணும்னு இன்னைக்குச் சாயங்காலமே கேட்டுக்கிடுவோம். அதை மட்டும் பக்கத்து ஊர்லயே எடுப்போம்."

சேரன்மகாதேவியில் ஒரு தோட்டத்தில் கத்திரிக்காய் வாங்க ஆளில்லாமல் செடியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. தோட்டக்காரி என்னைவிட இளையவள். புருஷன் வாந்திபேதியில் போய்விட்டார்.

"நோய் வந்த வீட்டுக் காயின்னு ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ, அக்கா. கெணத்துக்கு மருந்து போட்டாச்சு. கொதிக்க வச்ச தண்ணிதான் குடிக்கோம். நீங்களாவது நம்புதியளா?"

நம்பினேன். அன்றே எங்கள் வீட்டில் அந்தக் கத்திரிக்காயில்தான் குழம்பு.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஹோட்டல் ஹோட்டலாகப் போய்க் கேட்டு வருவார். சேரன்மகாதேவிக்குப் போகும் கடைசி பஸ் கண்டக்டர் தோட்டக்காரியிடம் தகவல் சொல்வார். விடியலில் பறித்த காய் முதல் பஸ்ஸில் வந்துவிடும். சாக்குக்குப் பதிலாக சாத்தான்குளத்து ஓலைப்பெட்டி. கழுவிக் காயவைத்துத் திருப்பி அனுப்புவோம்.

மெஸ்காரர் ஒருவர் மட்டும், "அந்த ஊருச் சரக்கா? வேண்டாம்வே," என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். நானே போய், "மத்தியானம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க, அண்ணாச்சி. எங்க பிள்ளைகளும் இந்தக் காயைத்தான் சாப்பிடுதாவ," என்றேன். அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். சாப்பிட்டார், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினார். "நாளைக்கு ஒரு பெட்டி அனுப்புங்க. அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

எல்லாம் சீராக ஓடியதென்று சொல்ல மாட்டேன். மழையில் பஸ் நின்றுபோனால் பக்கத்துக் கடையில் கைமாற்றாகக் காய் வாங்கிச் சமாளித்தோம். ஆனாலும் அள்ளிக் கொட்டுகிற வேலை அநேகமாக நின்றுபோனது.

கொஞ்ச நாளில் தோட்டக்காரியே பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கூடவே இன்னொரு பெட்டி நிறைய வெண்டைக்காய்.

"இது பக்கத்து வீட்டுக்காரிது, அக்கா. இத்தனை நாளா எங்க வாசல் பக்கமே வராதவ, நேத்து வந்து கொடுத்துட்டுப் போனா," என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

அன்று அவளை இருக்கச்சொல்லி, சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினேன்.