புகைக்குப் பின்னால் வந்த காய்ச்சல்

வைத்தியசாலையின் சிறுவர் வாட்டுக்கு வெளியே ஜெயரூபன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். உள்ளே நுளம்பு வலைக்குள் அவனுடைய மகள் கண்ணகை டெங்குக் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். நோயாளரைப் பார்க்கும் நேரம்தான். ஆனால் மனைவி சுலோஜனா கதவை மறித்து நின்றாள்.

"நுளம்புப் புகை அடிக்க நீங்க போற ஊரெல்லாம் காய்ச்சல். இப்ப வீட்டுக்கும் கொண்டுவந்திட்டீங்க. என்ட புள்ளைக்குக் கிட்ட வராதீங்க!"

குருக்கள்மடத்து வீடுகளில் படலைக்குப் படலை அவன் கேட்ட பழிதான். "காய்ச்சல்காரன் வாறான்" என்று கதவைச் சாத்துவார்கள். "காய்ச்சல் வந்த இடத்துக்குத்தானே அக்கா எங்கள அனுப்புவாங்க" என்று சிரித்துவிட்டு இயந்திரத்தை முடுக்குவான். இன்று அந்தப் பதிலை அவனே நம்பவில்லை. கைகளை முகர்ந்தான். எவ்வளவு சவர்க்காரம் போட்டும் போகாத எண்ணெய்ப் புகை நாற்றம். பெற்ற மகளுக்கு நானே எமனாகிவிட்டேனா?

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த மகனோடு இருந்த ஏறாவூர் றமீஸாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தங்கச்சி, அம்புலன்ஸ் வந்ததாலதான் ஆளுக்கு வருத்தம் வந்ததெண்டும் சொல்லுவீங்க போல! எங்கட ஒழுங்கைக்குப் புகை அடிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எங்கட வாய் உளைஞ்சு போச்சு. ஒரு நாளும் அடிக்கல்ல. அப்ப என்ட மகனுக்கு ஆரு கொண்டுவந்த?"

சுலோஜனா திரும்பி அந்த மகனைப் பார்த்தாள்.

"சரி, உங்கட வீட்டுக்கு எப்ப அடிச்ச?" றமீஸா விடவில்லை.

"அடிக்கவேயில்ல..." சுலோஜனாவின் குரல் உடைந்தது. "காய்ச்சல் வந்திடுமெண்டு நான்தான் விடல்ல. ஐயோ! அப்ப நான்தான் என்ட புள்ளைய இப்பிடிக் கிடத்திப்போட்டனா?"

தலையில் அடித்துக்கொண்ட அவள் கைகளை ஜெயரூபன் ஓடிவந்து பிடித்தான். பழியைத் திருப்பிப் போட அதைவிட நல்ல நேரம் வராது. அவனால் முடியவில்லை.

"அதுவும் இல்ல சுலோ. அடிச்ச வீட்டிலயும் படுத்திருக்காங்க. பள்ளிக்கூடத்தில கடிச்சுதோ, கோயில்ல கடிச்சுதோ, ஆருக்குத் தெரியும்?"

அவள் வழிவிட்டாள். வலையின் ஓரத்தை உயர்த்தி, "கையப் புடிங்க. அப்பா எங்க, அப்பா எங்க எண்டுதான் கேட்டவள்" என்றாள்.

சின்னக் கை நெருப்பாய்க் கொதித்தது. காலையில் எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. யார் குற்றம் என்ற கேள்வி போய்விட்டது. பயம் மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் இருவரும் ஒன்றாகவே கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.