ஏரிக்கரையில் கிடந்த தோல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காணும் பொங்கல் அன்று நடந்தது இது. ஆலங்காயம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஏரியில். ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே தொல்லை ஜாஸ்தி.

நான் ஆம்பூரில் தோல் பொருட்கள் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பெல்ட், பர்ஸ், கைப்பை எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். எங்களிடம் அதிகம் ஓடுவது முதலைத் தோல் டிசைன். பயப்பட வேண்டாம், முதலை எதுவும் கிடையாது. மாட்டுத் தோலின் மேல் சூடான இரும்புப் பிளேட்டை வைத்து அழுத்தினால் கட்டம் கட்டமாகப் பதிந்துவிடும். குரோக்கோ பிரிண்ட் என்போம். எல்லாக் கட்டமும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா, ஓரத்தில் மங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. வருடக்கணக்காகச் செய்து செய்து, பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் பெல்ட்டைக்கூட கண் தானாகப் பரிசோதிக்கும். கை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அவருடைய தங்கை. பிள்ளைகள் அவரவர் சிநேகிதர்களோடு கிளம்பிவிட்டார்கள். நாத்தனார் ஆற்காடு பக்கம் வாழ்க்கைப்பட்டவள், பொங்கலுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கும் அவளுக்கும் பேச்சு உண்டு, ஒட்டுதல் கிடையாது. அவள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தூரத்துச் சொந்தங்கள் பெயரெல்லாம் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. அச்சடித்தவர் விட்டுவிட்டார் என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. விசேஷத்துக்குப் போய், சாப்பிடாமல் திரும்பி வந்தேன். அதிலிருந்து 'நல்லா இருக்கீங்களா அண்ணி', 'நல்லா இருக்கேம்மா' என்பதோடு சரி.

என் வீட்டுக்காரர் ஆம்னி வேனை ஓட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். போனில் உலக அதிசய வீடியோ பார்ப்பது அவருக்குச் சாப்பாடு மாதிரி. பனிமலை உச்சியில் ஒரு ரயில் நிலையமாம், ஆப்பிரிக்காவில் ஒரு ஏரியாம், அதில் பறவை விழுந்தால் கல்லு மாதிரி ஆகிவிடுமாம். தென் அமெரிக்காவில் மனிதனையே கடித்துக் குதறும் மீனாம்.

"நம்ம ஏரிங்கள்ல இன்னா இருக்குது? கெண்டை, கெளுத்தி, மிஞ்சிப்போனா தண்ணிப்பாம்பு. நாமெல்லாம் குடுத்து வச்சவங்க" என்றார். நாத்தனார் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன இடமெல்லாம் கூட்டம். தண்ணீர் இருக்கிற இடமெல்லாம் வேனும் ஆட்டோவும் ஸ்பீக்கரும். கடைசியில் இவர் ஒரு மண்பாதையில் திருப்பினார். கரைமேல் ஏறிப் பார்த்தால் நிறைந்த ஏரி, மலையின் நிழல் தண்ணீரில் விழுந்திருந்தது. ஒரு ஈ, காக்கை இல்லை. துணி துவைக்கிறவர் இல்லை, மாடு குளிப்பாட்டுகிறவர் இல்லை.

"இவ்ளோ நல்ல இடத்தை வுட்டுட்டு ஜனங்க எங்கெங்கயோ போய் முட்டிக்குதுங்க பாரு" என்று இவருக்கு ஒரே பெருமை.

ஏன் ஆள் இல்லை என்று மூன்று பேரில் ஒருவருக்குக்கூட தோன்றவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கரையில் ஒரு புளியமரம். பக்கத்தில் இரும்புக் கம்பத்தில் ஒரு பலகை, அதன் மேல் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பத்தில் என் பையை மாட்டிவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்தோம். காலையில் நான் செய்த மட்டன் பிரியாணியை அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரம், தேக்சாவோடு எடுத்து வந்திருந்தோம். நாத்தனார் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் வாய் வரவில்லை. எலும்பையெல்லாம் மீனுக்கு ஆகட்டும் என்று தண்ணீரில் வீசினாள்.

தூரத்தில், எதிர்க்கரையில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஏதோ சொன்னாள், காற்றில் கேட்கவில்லை. நாத்தனாரும் எழுந்து நின்று பதிலுக்குக் கையை ஆட்டினாள்.

"நல்ல ஜனங்க அண்ணி இந்தப் பக்கம்."

அந்தப் பெண் இன்னும் வேகமாக ஆட்டினாள். நாங்களும் ஆட்டினோம்.

சாப்பிட்டு முடித்து இவர் பாயில் சாய்ந்தார். நாத்தனார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேக்சாவோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் கரைப்பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து, அடி பிடித்த சோற்றைச் சுரண்ட ஆரம்பித்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சேற்றில் ஒரு தோல் கிடந்தது. ஒரு பக்கம் கோரைப்புல்லில் மறைந்திருந்தது, மறுபக்கம் ஆகாயத் தாமரைக்கு அடியில் போயிருந்தது. நடுவில் தெரிந்தது மட்டும் ஒரு ஆட்டுத் தோல் அளவு இருந்தது. கருத்த பச்சை, மேலே சேறு காய்ந்திருந்தது. குரோக்கோ பிரிண்ட்.

எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். கழிவுத் தோலைக் குளத்திலும் ஓடையிலும் கொட்டுகிற ஆட்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். மலையடிவாரத்து ஏரியைக்கூட விடவில்லையே என்று வயிறு எரிந்தது.

"பாரும்மா, இங்கயும் கொண்டாந்து போட்டுட்டானுங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இழுத்து மேல போடுங்க அண்ணி, தண்ணியாவது சுத்தமா இருக்கட்டும்" என்றாள்.

தட்டுகளைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். இழுப்பதற்கு முன்னால் குனிந்து பார்த்தேன். பழக்கம், வேறென்ன சொல்ல? கண்றாவியான பிரிண்ட். ஒரு கட்டம் மேடு, ஒரு கட்டம் பள்ளம். நடுவில் வரிசையாக முடிச்சு முடிச்சாக ஏதோ எழும்பி நின்றது. எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் ரிஜெக்ட். எந்தக் கம்பெனிக்காரன் இதை அடித்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கட்டைவிரலை நீட்டினேன். ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அங்கேதான் ஏதோ இடறியது. பிளேட்டில் அடித்த டிசைன் எப்படி இருந்தாலும் கொஞ்ச தூரத்தில் முதலிலிருந்து திரும்ப வரும். வந்தே ஆக வேண்டும். இரும்புப் பிளேட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தத் தோலில் திரும்ப வரவில்லை. இடது பக்கம் பார்த்தேன், வலது பக்கம் பார்த்தேன். ஒரு கட்டம் மாதிரி இன்னொரு கட்டம் இல்லை. இது என்ன பிளேட் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோலின் விலாப் பக்கம் மெதுவாக உப்பியது. பிறகு மெதுவாகத் தணிந்தது.

மூச்சு.

கத்த வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. ஆகாயத் தாமரைக்கு அடியில் அதன் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று என் கண் போனது. இலைகள் லேசாக அசைந்து வழி விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கோட்டில், நான்கைந்து எட்டுத் தூரத்தில், தேக்சாவைச் சுரண்டிக்கொண்டு என் நாத்தனார்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது அவளுடைய பின்னல் என் கையில் இருந்ததுதான்.

பலமாக இழுத்தேன். அவள் மல்லாந்து தண்ணீரில் விழுந்தாள். விட்டேனா? அப்படியே இழுத்தேன்.

"ஐயோ! இன்னா பண்றீங்க அண்ணி! வுடுங்க! எண்ணா, வந்து பாருண்ணா, உம் பொண்டாட்டி என்னைக் கொல்றா!"

இவர் பாயிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பத்திரிகை விஷயம் கடைசியில் கைகலப்பு வரைக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்.

"இன்னாடி இது, நல்ல நாளும் அதுவுமா! வுடுடி அவளை!"

அவள் கையிலிருந்து நழுவிய தேக்சா தண்ணீரில் மிதந்தது. அது இருந்த இடத்தில் தண்ணீர் வெடித்த மாதிரி எழும்பியது. ஒரு வாய் தெரிந்தது. அவ்வளவு பெரிய வாயை நான் எங்கும் பார்த்ததில்லை. அலுமினியம் நசுங்குகிற சத்தம், தகரக் கொட்டகை மேல் லாரி ஏறின மாதிரி. பிறகு சேறும் ஆகாயத் தாமரையும் சுழன்றன. பிறகு ஒன்றுமில்லை. தண்ணீர் மறுபடியும் ஒன்றும் தெரியாத மாதிரி மலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

எப்படிக் கரையேறினோம் என்று தெரியாது. நாத்தனாரின் பின்னலை மட்டும் நான் விடவில்லை. மேட்டில் ஏறிய பிறகும் இவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். உலகத்து ஏரியெல்லாம் தெரிந்த மனிதர் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரைப் பெண் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். அரிவாள் இன்னும் கையில் இருந்தது. மூச்சு வாங்கியது. மூன்று பேரும் முழுதாக இருக்கிறோமா என்று ஒவ்வொருவர் கையையும் காலையும் பார்த்தாள். அப்புறம்தான் திட்டினாள்.

"எவ்ளோ கத்தினேன்! எவ்ளோ கைய ஆட்னேன்! நீங்க இன்னாடான்னா டாட்டா காட்றீங்க! போர்டு வச்சிருக்குதே, கண்ணு தெரியாதா?"

எந்தப் போர்டு என்று கேட்டார் இவர். அவள் நேராகப் புளியமரத்துப் பக்கம் போய், கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்து ஒரே இழுப்பாக உரித்தாள். சிரித்துக்கொண்டிருந்த பெரியவருக்குப் பின்னால் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு நின்றது. 'எச்சரிக்கை. இந்த ஏரியில் முதலை உள்ளது. யாரும் இறங்க வேண்டாம்.' அந்தப் படத்துக்குக் கீழேதான் என் பை தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய கன்றுக்குட்டியை அதற்கு முந்தின வருடம் அந்த இடத்தில்தான் இழுத்துக்கொண்டு போயிற்றாம். சாத்தனூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளத்தில் வந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்களாம், யாரோ கொண்டுவந்து விட்டார்கள் என்று சிலர். கூண்டு வைத்துப் பார்த்தும் சிக்கவில்லையாம். ஊர் ஜனங்கள் அந்தக் கரைக்கே வருவதை விட்டுவிட்டார்கள். நாங்கள்தான் நல்ல இடம் கிடைத்தது என்று பாயை விரித்திருக்கிறோம்.

எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாத்தனாருக்குக் கட்டிக்கொள்ள தன்னுடைய உலர்ந்த புடவை ஒன்றைக் கொடுத்தாள். உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் மூவரையும் உட்கார வைத்துத் திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி ஏறி எல்லோரும் இருமினோம். இருமலோடு நாத்தனார் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து நானும் அழுதேன். யாரென்றே தெரியாத அந்தப் பெண் எங்கள் இருவர் முதுகையும் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வேனில் ஏறித் திரும்பினோம். வாணியம்பாடி தாண்டிய பிறகு நாத்தனார்தான் கேட்டாள்.

"அண்ணி, நீங்க அதோட வால் பக்கம் தானே நின்னீங்க? அப்படியே திரும்பி மேல ஓடியிருக்கலாமே."

கையை எட்டிப் பின்னலைப் பிடித்து இழுத்தேன், அவ்வளவுதானே என்றேன்.

இவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க எட்டிப் புடிச்ச? நான் மேட்டுல பாயில சாஞ்சிக்கினு பார்த்துனுதான் இருந்தேன். அதோட வாய்க்கு முன்னாடி பூந்து போன நீ. அங்க ஒரு பள்ளம், இடுப்பளவு தண்ணி. அதுக்கும் இவளுக்கும் நடுவுல நின்னுதான் இழுத்த. இவளை அடிக்கத்தான் போறேன்னு நினைச்சிட்டேன், பாவி."

நான் நம்பவில்லை. ஆனால் என் புடவை இடுப்பு வரைக்கும் நனைந்து, அதில் ஆகாயத் தாமரையின் வேர் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நான்கைந்து எட்டு என் நினைவில் இல்லவே இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே மேஜையில் குரோக்கோ பிரிண்ட் பெல்ட்தான் குவிந்திருந்தது. கையை நீட்டினேன், பின்னால் இழுத்துக்கொண்டேன். "இன்னாக்கா, பெல்ட் கடிச்சிடுமா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் அன்றைக்குக் கையுறை போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தாள். இப்போது பழகிவிட்டது, தடவுகிறேன். ஆனால் தடவுவதற்கு முன்னால் விலாப் பக்கத்தை ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடிவதில்லை. எத்தனை ஆயிரம் முறை அந்தக் கட்டங்களைத் தொட்டிருப்பேன், அதற்குச் சொந்தக்காரன் ஒருவன் இருப்பான் என்று ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லையே.

நாத்தனாரும் நானும் அதற்குப் பிறகு ஒட்டிப் பிறந்தவர்களாகிவிட்டோம் என்று சொன்னால் பொய். போன மாதம்கூட போனில் ஒரு சண்டை. பத்திரிகையில் பெயர் விட்டதற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மறக்கவில்லை. அவளை உனக்குப் பிடிக்குமா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வேன். ஆனால் யோசிக்க நேரமே இல்லாத ஒரு நொடியில் என் கால்கள் எந்தப் பக்கம் போயின என்பதை நினைக்கும்போது, அந்த வாயைப் பார்த்ததைவிட அதுதான் என்னை இன்றும் அதிர வைக்கிறது.